முப்பது லிட்டர் கடல்

(நங்கநல்லூரில் ஒரு வீட்டின் மாடி. தேதி ஐந்து. வீட்டுக்காரர் வாடகை வாங்க வந்ததாகச் சொல்லிக்கொள்கிறார். உண்மையில் அவரை மேலே இழுத்துவந்தது மூக்கு.)

வீட்டுக்காரர்: தம்பி, நம் ஒப்பந்தத்தில் ஏழாவது வரி என்ன?

குடித்தனக்காரர்: அசைவம் சமைக்கக் கூடாது, சார்.

வீட்டுக்காரர்: அப்படியானால் அந்தக் கண்ணாடித் தொட்டிக்குள் கிடப்பது என்ன, முருங்கைக்காயா?

குடித்தனக்காரர்: இறால் சார். ஆனால் சமைக்கவில்லை, சாப்பிடவும் போவதில்லை. அழுக விடுவதற்காகத்தான் வாங்கினேன்.

வீட்டுக்காரர்: (சற்று நேரம் பேச்சு வரவில்லை) சாப்பிட வாங்கியிருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

குடித்தனக்காரர்: பவளப்பாறை மாதிரி ஒரு கடல்மீன் தொட்டி வைக்கிறேன் சார். இறால் அழுகினால் அம்மோனியா வரும். அது மீனுக்கு நஞ்சு. அதைத் தின்ன ஒரு வகை பாக்டீரியா வளர்ந்து, நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் நஞ்சுதான். அதைத் தின்ன இன்னொரு வகை வந்து நைட்ரேட்டாக மாற்றும். அது அவ்வளவு மோசமில்லை. வாரம் ஒரு முறை கொஞ்சம் தண்ணீரை மாற்றினால் போதும்.

வீட்டுக்காரர்: இத்தனையும் நடக்க எவ்வளவு நாளாகும்?

குடித்தனக்காரர்: நான்கு வாரம், ஆறு வாரம்கூட ஆகலாம்.

வீட்டுக்காரர்: அதுவரை மீனே இல்லாத தொட்டியையா உட்கார்ந்து பார்ப்பீர்கள்?

குடித்தனக்காரர்: சும்மா பார்ப்பதில்லை சார். சோதனைக் குழாயில் சொட்டு மருந்து விட்டு நிறம் பார்ப்பேன். முந்தாநாள் மஞ்சள், நேற்று பச்சை. அம்மோனியா ஏறுகிறது!

வீட்டுக்காரர்: என் சர்க்கரையை நானே இவ்வளவு அக்கறையாகப் பார்ப்பதில்லை. சரி, அந்தப் பாக்டீரியா எங்கே இருக்கும்?

குடித்தனக்காரர்: பெரும்பாலும் இந்தக் கல்லில்தான். உள்ளே முழுக்கத் துளை. கோடிக்கணக்கில் குடியேறிவிடும்.

வீட்டுக்காரர்: இரண்டு பேர் மட்டும் என்றுதானே கையெழுத்துப் போட்டீர்கள்!

குடித்தனக்காரர்: சார்...

வீட்டுக்காரர்: போகட்டும். தண்ணீர் ஏது? நான் வைத்துக் கொடுத்த ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்தா?

குடித்தனக்காரர்: ஆமாம் சார். லிட்டருக்கு 35 கிராம் உப்பு கலந்தேன். மொத்தம் ஒரு கிலோவுக்கு மேல் போயிற்று.

வீட்டுக்காரர்: (சுவரைப் பிடித்துக்கொள்கிறார்) போர் தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்று மூன்று மாதம் சண்டை போட்டு அந்த இயந்திரத்தை வாங்க வைத்தீர்கள். இப்போது அதிலேயே உப்பைப் போடுகிறீர்களா?

குடித்தனக்காரர்: அது வேறு உப்பு, இது வேறு உப்பு சார். இதில் கால்சியம், மக்னீசியம் எல்லாம் கடலில் இருக்கிற கணக்குக்கு இருக்கும். சமையல் உப்பைப் போட்டால் கடல் ஆகாது, ஊறுகாய்தான் ஆகும்.

வீட்டுக்காரர்: பெசன்ட் நகரில் கடல் இலவசமாகக் கிடக்கிறதே. ஒரு குடம் மொண்டுவர என்ன கேடு?

குடித்தனக்காரர்: கரையோரத் தண்ணீரில் ஊர்ச் சாக்கடையும் சேர்ந்து வரும் சார்.

வீட்டுக்காரர்: அதுவும் நியாயம். கண்ணாடியில் இந்தக் கோடு எதற்கு?

குடித்தனக்காரர்: தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. அதனால் தினமும் நல்ல தண்ணீரை மட்டும் விட்டு...

வீட்டுக்காரர்: எனக்கா சொல்கிறீர்கள்? ரசம் சுண்டிவிட்டால் வெந்நீர்தான் விடுவோம், மறுபடி உப்பா போடுவோம்? ஆனால் ஒன்று, இவ்வளவு சின்னதாக வைத்தது தப்பு. கல்யாணப் பந்தி சாம்பாரில் ஒரு கரண்டி உப்பு கூடினால் யாருக்கும் தெரியாது. இரண்டு பேர் சாம்பாரில் கூடினால் முதலில் என் மனைவிக்குத் தெரியும், பிறகு தெருவுக்கே தெரியும்.

குடித்தனக்காரர்: (வாய் பிளந்து) இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று சார்.

வீட்டுக்காரர்: பவளம் எப்போது வைப்பீர்கள்? என் மனைவிக்கு ஒரு மோதிரம் செய்ய வேண்டும். ஜோசியர் சொல்லியிருக்கிறார்.

குடித்தனக்காரர்: வைக்க முடியாது சார். பாறை கட்டுகிற பவளத்தையெல்லாம் 2001-லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். புலி இருக்கிற அட்டவணை. மன்னார் வளைகுடாவில் ஒரு துண்டை உடைத்து எடுத்துவந்தாலும் கம்பிதான் எண்ண வேண்டும்.

வீட்டுக்காரர்: ஆக, பவளப்பாறைத் தொட்டியில் பவளம் கிடையாது. மீன்தொட்டியில் மீன் கிடையாது. இறால் மட்டும் உண்டு.

குடித்தனக்காரர்: மீன் பிறகு வரும் சார். விரல் நீளத்தில் ஒன்றே ஒன்று. அதற்கு முன்னால் கொளத்தூர் போய் இரண்டு துறவி நண்டு வாங்கி வருவேன். பாசியைத் தின்னும். அதற்குப் பின்னுடம்பில் ஓடு கிடையாது. காலிச் சங்கில்தான் குடியிருக்கும். உடம்பு பெருத்துவிட்டால் வேறு சங்கு பார்த்துக்கொண்டு தானே காலி செய்துவிடும்.

வீட்டுக்காரர்: நோட்டீஸ் கொடுக்காமலா?

குடித்தனக்காரர்: கொடுக்காமல்தான்.

வீட்டுக்காரர்: முன்பணத்தைத் திருப்பிக் கேட்காமல்?

குடித்தனக்காரர்: கேட்காமல்.

(வீட்டுக்காரர் நாற்காலியைத் தொட்டியின் பக்கம் இழுத்துப் போட்டு உட்காருகிறார். கீழேயிருந்து அவர் மனைவியின் குரல்: “மேலே என்ன அப்படி நாறுகிறது?”)

வீட்டுக்காரர்: (உரக்க) முட்டைக்கோஸ் வேகிறது! (குரலைத் தாழ்த்தி) நேற்று பச்சை என்றீர்களே தம்பி, இன்றைக்குப் பார்த்துவிட்டீர்களா?