“இவ அழுத்தக்காரி டீச்சர்”

முதலாம் ஆண்டுப் பிள்ளைகளைச் சேர்க்கும் வாரத்தில், கோலாலம்பூரின் செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி வாசல்களில் காதில் விழும் பேச்சு இது. “இவ அழுத்தக்காரி டீச்சர்.” “இவன் சரியான முரடன்.” பெற்றோர் பாசத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் ஆசிரியர் மனத்தில் அது ஒட்டிக்கொண்டால் ஆறாம் ஆண்டு வரை பிள்ளையை விடாது.

பிள்ளையின் சுபாவத்தை ஆசிரியரிடம் சொல்லத்தான் வேண்டும். பட்டப்பெயராகச் சொல்லாதீர்கள். எங்கே, எதைக் கண்டு, எவ்வளவு நேரம் என்று சொல்லுங்கள். “புது இடத்தில் 20 நிமிடம் என் பின்னாலேயே நிற்பாள், பிறகு தானாகவே விளையாடப் போய்விடுவாள்” என்றால் ஆசிரியர் அந்த 20 நிமிடத்தை விட்டுப்பிடிப்பார். “கூச்ச சுபாவம்” என்பதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

மனநல மருத்துவர்களான தாமஸ், செஸ் தம்பதியர் 1956-இல் நியூயார்க்கில் தொடங்கிய ஆய்வு, பிறவிச் சுபாவத்தைப் பற்றிப் பேசும் எல்லாரும் எடுத்துக்காட்டுவது. அதில் நூற்றுக்கு 40 பிள்ளைகள் எளிதில் பழகுபவர்கள், 15 பேர் மெல்லப் பழகுபவர்கள், 10 பேர் சமாளிக்கச் சிரமமானவர்கள். மீதி 35 பேர் எந்த வகையிலும் அடங்கவில்லை. மூன்றில் ஒருவருக்கு மேல்! இந்த 35-ஐத்தான் நாம் வசதியாக மறந்துவிடுகிறோம்.

ஒரே இடத்தில் பார்த்து முடிவு கட்டுவதுதான் பெரிய தவறு. வகுப்பு, சிற்றுண்டிச்சாலை, வீடு என மூன்று இடங்களிலாவது இரண்டு வாரம் கவனியுங்கள். மலாய்ப் பாடத்தில் வாயே திறக்காத பிள்ளை தமிழ்ப் பாடத்தில் கலகலவென்று பேசினால் அது சுபாவமல்ல, மொழி பழகவில்லை. கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையை “பிடிவாதம்” என்பதற்கு முன் காது கேட்கிறதா என்று பரிசோதியுங்கள். பசியும் தூக்கக்குறைவும் எந்தச் சாதுவையும் முரடனாக்கும். பத்துமலை முருகன் கோவிலில் உறுமி மேளம் கேட்டுக் காதைப் பொத்தி அழும் பிள்ளை பயந்தாங்கொள்ளியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சிலருக்குச் சத்தம் உறைப்பது அதிகம், அவ்வளவுதான்.

மெல்லப் பழகும் பிள்ளையாக இருந்தால், பள்ளி திறக்குமுன் இரண்டு மூன்று முறை அழைத்துப்போய் வகுப்பையும் கழிப்பறையையும் காட்டுங்கள். முதல் மாதம் ஒரே இடத்தில் உட்காரவைக்கச் சொல்லிக் கேளுங்கள். எழுந்து பாடச் சொல்வதைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். தீபாவளிக்கு வீடு நிறைய ஆள் வரும்போதும் “மாமாவுக்கு வணக்கம் சொல்லு” என்று முன்னால் தள்ளாதீர்கள். முறுக்குத் தட்டைக் கையில் கொடுத்து அனுப்புங்கள், வணக்கம் பிறகு வரும்.