பாஸ் ஆனது வண்டியா, புகை டெஸ்ட்டா?

அந்த வீடியோவை இதுவரை பதினாறு பேர் எனக்கு அனுப்பிவிட்டீர்கள். பார்த்துத் தொலைத்தேன், இனி அனுப்பாதீர்கள். டீசல் வண்டியின் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் இருக்கிறதே, டிபிஎஃப், அந்த டப்பாவுக்குள் இருந்ததைக் காலி செய்து, வெளியே ஒன்றும் தெரியாதபடி மூடி, கடைசியில் சான்றிதழைக் கேமராவுக்கு முன்னால் ஆட்டிக்கொண்டு "பாஸ் ஆயிடுச்சுல்ல, அப்புறம் என்ன?" என்று ஒரு சிரிப்பு. கீழே வரிசையாக "தல, வேற லெவல்".

அப்புறம் என்னவா? நிறைய இருக்கிறது.

முதலில், ஏன் பாஸ் ஆனது? புகை டெஸ்ட்டில் நியூட்ரலில் வைத்து ஆக்சிலேட்டரை முழுசாக மிதிப்பார்கள். வரும் புகை எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்று கருவி அளக்கும். அதுதான் கே மதிப்பு. பிரிட்டனில் யூரோ 6 (ஐரோப்பாவின் புகை விதி) காருக்குப் பொதுவான வரம்பு 0.7. ஃபில்டர் நன்றாக இருக்கும் வண்டி பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். ஃபில்டரே இல்லாத புதிய காமன் ரெயில் டீசல் இன்ஜின்கூட, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் சுத்தமாக இருந்தால், வரம்புக்குள் அடங்கிவிடக்கூடும். கண்ணுக்குத் தெரியும் கரும்புகைக்காக வந்த கருவி அது. நுரையீரலின் அடிவரை போகும் பொடித்துகள் அதன் கண்ணில் படுவதில்லை. ஆக, பாஸ் ஆனது வண்டி இல்லை ஐயா, அந்தக் கருவியின் கண்ணில் இருக்கும் ஓட்டை.

இந்த ஓட்டை தெரிந்துதான் நெதர்லாந்து 2023 ஜனவரியிலிருந்தும் ஜெர்மனி அதே ஆண்டு ஜூலையிலிருந்தும் துகளையே எண்ண ஆரம்பித்துவிட்டன. ஜெர்மனியில் யூரோ 6 வண்டிக்கு ஒரு கன சென்டிமீட்டரில் 2,50,000 துகள் வரை போகலாம். நல்ல ஃபில்டர் அதற்கு ரொம்பக் கீழேயே நின்றுவிடும். காலி டப்பா அந்த மெஷின் முன்னால் நிற்கவே முடியாது. பிரிட்டன் 2014 பிப்ரவரியிலேயே, தொழிற்சாலையில் பொருத்திய டிபிஎஃப் வண்டியில் இல்லையென்றால் ஃபெயில் என்று எழுதிவிட்டது. அங்கேயும் டப்பாவை மட்டும் விட்டுவைத்து ஏமாற்றினார்கள். நம்மாள் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை.

சரி, காற்று எக்கேடோ கெடட்டும். உங்கள் இன்ஜினையாவது பாருங்கள். ஃபில்டர் தானாக அடைபடாது. யாரோ அதை அடைக்கிறார்கள். அது யார் என்று கேட்காமல் அடைபட்டதைப் பிடுங்கி எறிந்தால், அடைத்தவன் உள்ளேயே உட்கார்ந்திருப்பான்.

ஒரு வண்டியைச் சொல்கிறேன். இருநூறு கிலோமீட்டருக்கு ஒரு தடவை ரீஜென் (ஃபில்டரில் சேர்ந்த கரியை வண்டியே எரிப்பது), அப்புறம் லிம்ப் மோட் (இன்ஜின் தன் சக்தியைத் தானே குறைத்துக்கொள்வது). ஃபில்டரைத் தூக்கினார்கள், லைட் அணைந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். கொஞ்ச நாளில் பிக்கப் போய், ஆயில் மட்டம் ஏறி, டீசல் வாசனையோடு திரும்பி வந்தது. டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஓஸில், கிளாம்புக்கு அடியில், கையால் அழுத்தினால் மட்டும் வாய் திறக்கும் ஒரு வெடிப்பு. அதைச் சுற்றி ஆயில் ஈரம். காற்று அங்கே கசிந்ததால் புகைக்கரி கூடிப்போயிருந்தது. கூடவே ஒரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் (பீய்ச்சாமல் திரும்பும் டீசல்) மற்ற மூன்றைவிட ரொம்ப அதிகம். இதை ஃபில்டர் கத்திக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தது. கத்தினவனின் வாயைப் பொத்திவிட்டு வீடு அமைதியாகிவிட்டது என்றால் எப்படி?

செய்ய வேண்டியது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஸ்கேனரைப் போட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆனில் வைத்து, டிஃபரென்ஷியல் பிரஷர் (ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம்) எவ்வளவு என்று பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி இல்லையென்றால் சென்சாரே பொய் சொல்கிறது, ஃபில்டரைத் தொடவேண்டாம். சென்சாருக்குப் போகும் இரண்டு சின்ன ஓஸ்களும் சூட்டில் காய்ந்து வெடிக்கும், கழற்றி ஊதிப் பாருங்கள். அப்புறம் டெம்பரேச்சர் சென்சார்கள், தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடே ஏறாவிட்டால் பல வண்டிகளில் ரீஜென் ஆரம்பிக்காது), இஜிஆர் (புகையில் கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பும் வால்வு), டர்போ ஓஸ், இன்ஜெக்டர் ரிட்டர்ன். இதெல்லாம் சரியான பிறகுதான் ரீஜென். கரியை எரிக்க 600 டிகிரியைச் சுற்றிச் சூடு வேண்டும். பாதியில் வண்டியை அணைத்தால் அதற்காக ஊற்றிய டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் இறங்கும். தினம் இரண்டு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு "டீசல்னாலே இப்படித்தான்" என்று அலுத்துக்கொள்பவர்கள் கவனிக்க. ஆயிலில் லோ சாப்ஸ் (சாம்பல் குறைவாக விடும் ரகம்) கட்டாயம். தப்பான ஆயில் விடும் சாம்பல் எந்த ரீஜெனிலும் எரியாது. அதற்கு ஃபில்டரைக் கழற்றிக் கொடுத்து, சுத்தம் செய்யும் முன்னும் பின்னும் எடை போட்டு வாங்க வேண்டும்.

"புது ஃபில்டர் விலை தெரியுமா உனக்கு?" தெரியும். இந்தக் கோபம் நியாயம்தான், இதில் உங்கள் பக்கம்தான் நான். குட்டிப் பயணத்துக்கு டீசல் ஆகாது என்று விற்கும்போது ஒருத்தரும் வாய் திறப்பதில்லை. மேனுவலில் எங்கோ ஒரு மூலையில் நாலு வரி. கழுவினாலே தேறும் ஃபில்டரை மாற்றச் சொல்கிறார்கள். திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன்.

"எடுத்ததும் மைலேஜ் கூடிச்சே?" அடைபட்ட ஃபில்டரோடு ஒப்பிட்டால் கூடத்தான் செய்யும். மூக்கடைப்பு விட்டதும் மூச்சு நன்றாக வருகிறதென்று மூக்கையே வெட்டிக்கொள்வீர்களா? ஃபில்டர் இல்லாதது தெரியாமலிருக்க வண்டியின் கம்ப்யூட்டரில் ஏற்றிய அந்த ஃபைலை எழுதியவர் யார் என்று கேட்டீர்களா? டிபிஎஃப் பழுதைச் சொல்லும் கோடுகளை மட்டும் அணைத்தாரா, சோம்பேறித்தனத்தில் பக்கத்துக் கோடுகளையும் சேர்த்து அணைத்தாரா? நாளைக்கு நிஜமாகவே ஒன்று பழுதானால் லைட் எரியுமா என்பது உங்களுக்கும் தெரியாது, அதைப் போட்டுவிட்டவருக்கும் தெரியாது.

"பெரிய கம்பெனியே ஏமாத்துச்சு, நாங்க செஞ்சா தப்பா?" 2015-இல் ஃபோக்ஸ்வாகன் மாட்டியபோது, டெஸ்ட் நடக்கும்போது மட்டும் நல்ல பிள்ளையாக நடிக்கும் மென்பொருள் உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி வண்டிகளில் இருந்தது. அன்றைக்கு அவர்களைத் திருடர்கள் என்று திட்டியவர்களில் எத்தனை பேர் இன்று அந்த வீடியோவுக்கு இதயம் போட்டிருக்கிறீர்கள்? டெஸ்ட்டுக்கு ஒரு முகம், ரோட்டுக்கு ஒரு முகம். இரண்டு இடத்திலும் நடந்தது அதுதானே?

"ஃபேக்டரிப் புகையைப் போய்க் கேளு" என்பவர்களுக்குப் பதில் இல்லை. போய் வாருங்கள்.

என்னைக் "கம்பெனி ஏஜென்ட்" என்றும் எழுதியிருந்தீர்கள். ராத்திரி பதினொரு மணிக்கு லைட் எரியும் டேஷ்போர்டைப் படம் பிடித்து அனுப்பி "அண்ணே, என்னன்னு பாருங்க" என்று கேட்டவரே எழுதியிருக்கிறார். பரவாயில்லை. அன்றைக்குச் சொன்னதும் இதேதான்: முதலில் ஓஸைப் பார். 2012-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை டீசல் புகையை முதல் பிரிவில், ஆஸ்பெஸ்டாஸோடு சேர்த்து வைத்தது. சிக்னலில் உங்களுக்குப் பின்னால் ஸ்கூட்டரில், அப்பாவின் மார்புக்கும் ஹேண்டிலுக்கும் நடுவில் நிற்கும் குழந்தையின் மூக்குக்குத்தான் உங்கள் சைலன்சர் புகை போகும். அந்தக் குழந்தை எந்த டெஸ்ட்டில் பாஸ் ஆக வேண்டும்?

டிபிஎஃப் ஒழுங்காக இருக்கும் வண்டியின் சைலன்சர் வாயில் விரலை விட்டுத் துடைத்தால் கரி ஒட்டுவது அபூர்வம். வண்டி ஆறியிருக்கும்போது உங்கள் வண்டியிலேயே பாருங்கள். பிறகு அந்த வீடியோவை இன்னொரு தடவை ஓட்டுங்கள். சைலன்சரைத் தட்டிக் காட்டிவிட்டு, அதே கையால் சான்றிதழைத் தூக்கிப் பிடிக்கிறாரே, அந்த இடத்தில் நிறுத்துங்கள். காகிதத்தின் ஓரத்தில் கட்டைவிரல் ரேகை கறுப்பாக விழுந்திருக்கிறது.