வேலைக்காரிக்கும் ஓய்வு உண்டு
"ஞாயிறு காலை ஆராதனைக்குப் போய்வந்தால் ஓய்வுநாளை ஆசரித்தாயிற்று" என்று ஓய்வுநாள் பற்றிய இந்தக் கட்டுரையை எழுதியவர் முடிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும் என்கிறது பைபிளின் உபாகமம் 5:14. மாட்டையும் கழுதையையும்கூட விட்டுவிடவில்லை. தூத்துக்குடி மாவட்டம் நாசரேத்தில் எங்கள் ஆச்சி சனிக்கிழமை சாயங்காலமே மசாலா அரைத்து, தண்ணீர் பிடித்து வைத்துவிடுவார்கள். வீட்டு வேலைக்கு வரும் அக்காவை ஞாயிறன்று ஒருநாளும் வரச் சொன்னதில்லை. இன்று நாம் கோயில் ஆராதனை முடிந்து வந்ததும் போனில் பிரியாணி சொல்கிறோம். அதைக் கொண்டுவரும் பையனுக்கு எது ஓய்வுநாள்? இந்தக் குறை பழையதுதான்: கி.பி. 321இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஞாயிறு ஓய்வுச் சட்டம் போட்டபோதே நகரத்தாருக்குத்தான் ஓய்வு, உழவர்கள் வேலை செய்யலாம் என்று இருந்தது. கட்டுரையின் கீழே கருத்து எழுதிய ஒரு சகோதரர், கோயிலுக்குள் செருப்பைக் கழற்றுவது கிறிஸ்தவ வழக்கமே இல்லை என்கிறார். எரிகிற முட்செடியின் முன்னால் மோசேக்குச் சொல்லப்பட்டது செருப்பைக் கழற்று என்றுதானே (யாத்திராகமம் 3:5)! எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபையார் இன்றும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். சனி, ஞாயிறு இரண்டையும் ஓய்வுநாளாக மதிக்கிறார்கள். எங்கள் சபையிலும் செருப்பு வாசலோடு நின்றுவிடுகிறது. ஆனால் பிரசங்க நேரத்தில் வரிசை வரிசையாகப் போன் வெளிச்சம் தெரியும்போது மனசு வலிக்கிறது.