தனி முயலுக்கு நம் அன்பு மட்டும் போதாது

"வீட்டார் பாசமாக இருந்தால் ஒற்றை முயலுக்குத் துணை தேவையில்லை" என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். என்னால் ஏற்க முடியவில்லை. வளைகளில் கூட்டமாக வாழ்கிற ஐரோப்பியக் காட்டு முயல் இனத்தின் வழிவந்ததுதான் வீட்டு முயல். அது ஓடித் திரிய விரும்புவது விடியற்காலையும் அந்தியும். அந்த நேரத்தில் நமக்கு அடுப்படி வேலை, தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிற அவசரம்.

நுவரெலியாப் பக்கம் எங்கள் வீட்டில் இரண்டு இருக்கின்றன. ஒன்று தலையைத் தரையோடு தாழ்த்தி மற்றதன் தாடைக்கடியில் நீட்டும். மற்றது அதன் கண்ணோரத்தையும் காதடியையும் நிதானமாக நக்கிவிடும். நாம் எவ்வளவு தடவிக் கொடுத்தாலும் அதற்கு ஈடாகாது. தை மாதப் பனியில் இரண்டும் ஒட்டித்தான் படுக்கும்.

அதற்காக, இன்னொன்றை வாங்கி வந்து நேரே கூட்டுக்குள் விட்டுவிடாதீர்கள், கடித்துக் குதறிவிடும். முதலில் பக்கத்துப் பக்கத்துக் கூடுகளில் கம்பி வலைக்கு இரு புறமும் வைத்துப் பழக்க வேண்டும். அப்புறம் இரண்டுக்கும் புதிதான ஓர் இடத்தில், நாம் பக்கத்தில் இருந்து சந்திக்க விட வேண்டும். ஆணும் பெண்ணும் சேர்வதுதான் பெரும்பாலும் சரிவரும், ஆனால் இரண்டுக்கும் கருத்தடை செய்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுமார் 31 நாளில் குட்டிகள். ஆணுக்குச் சத்திரசிகிச்சை முடிந்தாலும் 6 வாரம் வரை சினைப்படுத்தும் சக்தி இருக்கலாம், அதுவரை பிரித்தே வையுங்கள். முயலைப் பார்த்துப் பழகிய மிருக வைத்தியரிடமே கொண்டுபோங்கள்.