இந்திரா சிலையில் பாலம் வந்தால் கீழே நிற்கப்போவது யார்?

புதுச்சேரி நூறடி ரோட்டில் மேம்பாலம் வருகிறது என்றதும் எங்கள் வாட்ஸ்அப் குழு முழுக்க வாழ்த்து. இந்திரா காந்தி சிலையிலிருந்து ராஜீவ் காந்தி சிலை வரை, கிட்டத்தட்ட நாலு கிலோமீட்டர், 436 கோடி ரூபாய். 2025 அக்டோபரில் அடிக்கல்லும் நாட்டியாச்சு. எனக்கும் சந்தோஷம்தான், இருபது வருஷமாக இந்திரா சிலை சிக்னலில் நிற்கிறேனே. ஆனாலும் மனசில் ஒன்று உறுத்துகிறது.

இந்திரா சிலைக்குக் கிழக்கே நெல்லித்தோப்பு, பஸ் ஸ்டாண்டு. மேற்கே ரெட்டியார்பாளையம், மூலக்குளம், வில்லியனூர், அப்படியே விழுப்புரம். தெற்கே மரப்பாலம், முருங்கப்பாக்கம் தாண்டிக் கடலூர். வடக்கே ராஜீவ் சிலை, அங்கிருந்து ஈசிஆர். பிரெஞ்சுக்காரன் காலத்து ஊர் புல்வாருக்குள், அதாவது பழைய ஊரைச் சுற்றி வரும் சாலைக்குள், அடங்கிவிடும். நெல்லித்தோப்பே அன்றைக்கு ஊருக்கு வெளியே. இன்றைக்கு சிலைக்கு மேற்கேயும் மைல் கணக்கில் வீடுகள். நெடுஞ்சாலைச் சந்திப்பு என்று பேர், நமக்கோ அது தெருமுனை.

விழுப்புரம் - நாகப்பட்டினம் பழைய தேசிய நெடுஞ்சாலை 45ஏ இந்தப் பக்கமாகத்தான் வந்தது. இப்போது விழுப்புரம் ரோட்டுக்கு 332, கடலூர் ரோட்டுக்கு 32 என்று நம்பர் மாறிவிட்டது. விழுப்புரத்திலிருந்து வரும் புது நாலுவழிச் சாலையும் ஊருக்கு மேற்கே எம்.என்.குப்பத்திலேயே தெற்கே திரும்பி, ஊருக்குள் வராமல் கடலூர் பக்கம் பூண்டியாங்குப்பம் போய்விடுகிறது. நாகப்பட்டினம் லாரிக்கு இனி இந்திரா சிலையில் வேலை இல்லை. அங்கே நிற்பதில் பெரும்பாலும் நாம்தான்.

பாலம் வடக்கு தெற்காக ஓடும். ஈசிஆரிலிருந்து கடலூர் போகிற காருக்கு அது பெரிய வசதி. வில்லியனூரிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஆள் ஏற்றி வரும் டெம்போ? அது கீழேதான், தூண்களுக்கு நடுவில், அதே சிக்னலில்.

கீழே என்றால் தண்ணீர். ஃபெஞ்சல் புயலை விடுங்கள், ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டினால் எந்த ஊரும் தாங்காது. நான் சொல்வது சாதாரண ஐப்பசி மழை. போன வருஷம் அப்படி ஒரு மழையில் அம்மா டெம்போவிலிருந்து அங்கே இறங்கினார். முழங்கால் வரை தண்ணீர். ஒரு கையில் செருப்பு, மறு கையில் மருந்துப் பை. "பாத்து வாம்மா, இங்க வாய்க்காலுக்கு மூடி இல்ல" என்று ஒரு பூக்கார அம்மா கத்தியிருக்காவிட்டால் அடுத்த அடி வாய்க்காலுக்குள்தான். வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் அம்மாவுக்கு நடுக்கம் நிற்கவில்லை. எனக்கு இன்னும் நிற்கவில்லை.

அதனால் கேட்கிறேன். தூணுக்குக் குழி தோண்டும்போதே வாய்க்காலையும் அகலப்படுத்தி மூடி போடுங்கள். முனையிலேயே டெம்போ நிற்காமல் கொஞ்சம் தள்ளி ஒரு நிறுத்தம் கொடுங்கள். நடந்து கடப்பவர்களுக்கு சிக்னலில் தனி நேரம் வேண்டும், வயசானவர்கள் மெதுவாக நடந்து முடிக்கிற அளவுக்கு. பாலம் கட்டி முடித்த பிறகு பார்க்கலாம் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். தூண் எழும்பிவிட்டால் வாய்க்காலைத் திருப்ப அங்கே இடமே இருக்காது.