பிரா கப்பில் இடைவெளி விழுவது ஏன்?

மார்பு சிறிதாக இருந்தால் கனமான பேடட் பிராவே போதும் என்று ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அச்சில் வார்த்த ஸ்பாஞ்ச் கப்புக்கு என்று ஒரு வடிவம் உண்டு. உடல் அதற்குள் நிறையாவிட்டால் மேல் பக்கம் இடைவெளி விழும், சட்டைக்கு வெளியிலும் தெரியும். உடனே கப் பெரிது என்று நினைத்து இன்னும் சிறியதைத் தேடுகிறோம். பல நேரம் குறை அளவில் இல்லை, வடிவத்தில்தான். மேல் பகுதி தட்டையாக இருப்பவர்களுக்கு முழு கப்பை விட, மேலே தாழ்வாக வெட்டிய பால்கனெட் அல்லது பிளஞ்ச் வகை பிரா நன்றாகப் பொருந்தும். பேட் இல்லாத, நீளும் லேஸ் வகை இன்னும் அழகு.

அப்புறம் மார்புக்குக் கீழே உடலைச் சுற்றி வரும் பட்டை. மார்புக்குக் கீழ்ச் சுற்றளவோடு 4 அங்குலம் கூட்டும் பழைய கணக்கு சிறிய உடல்வாகுக்கு மிகவும் தளர்வான பட்டையையே தரும். தாங்குவது பெரும்பாலும் பட்டைதான், தோள்பட்டை நாடா இல்லை. அளவில் எண் பட்டையைக் குறிக்கும், எழுத்து கப்பைக் குறிக்கும்; 34 ஏ, 32 பி, 30 சி மூன்றிலும் கப்பின் கொள்ளளவு ஏறக்குறைய ஒன்றுதான். 34 ஏ முதுகில் மேலேறினால் 32 பி போட்டுப் பாருங்கள். "எனக்கு பி-யா?" என்று தயங்க வேண்டாம். கையைத் தூக்கும்போது பட்டை நகரக் கூடாது.

புதிதாக வாங்கும்போது கடைசி, தளர்வான கொக்கியில் சரியாக இருக்க வேண்டும். எலாஸ்டிக் நெகிழ நெகிழ உள் கொக்கிகளுக்கு மாறிக்கொள்ளலாம்.