எல்லோருக்கும் தெரிந்த குற்றவாளி

2025 அக்டோபரில் சென்னை முகலிவாக்கம் குழந்தை கொலை வழக்கில் சுப்ரீம் கோர்ட் தூக்குத் தண்டனையை ரத்து செய்து, தண்டிக்கப்பட்டவரை விடுதலை செய்தது. அன்று சாயங்காலம் எங்கள் போரூர் பக்கத்து வாட்ஸப் குழுக்களில் ஓடியதை எல்லாம் இங்கே எழுத முடியாது. இருந்ததிலேயே நாகரிகமான வாசகம் இதுதான்: "அன்னிக்கே சுட்டுத் தள்ளியிருந்தா இந்தத் தொல்லையே இல்ல." எழுதியவர் ரிட்டயர்டு வங்கி அதிகாரி. எதிர்வீட்டுப் பூனைக்கும் பால் வைக்கிற மனிதர்.

கோபம் எனக்கும் உண்டு. 2017 பிப்ரவரியில் அந்த 7 வயதுக் குழந்தைக்கு நடந்ததைக் கேட்டபிறகு, இந்தப் பக்கத்தில் பெண் குழந்தை வைத்திருந்த யாரும் நிம்மதியாக இல்லை. அதே ஆண்டு டிசம்பரில், அந்த வழக்கில் கைதாகி ஜாமீனில் வெளியே இருந்தவர் தன் தாயைக் கொன்றதாகவும் கைதானபோது, கொஞ்சநஞ்சம் யோசித்தவர்களும் முடிவுக்கு வந்துவிட்டார்கள். 2018 பிப்ரவரியில் செங்கல்பட்டு நீதிமன்றம் தூக்கு விதித்தது. ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஊரும் கோர்ட்டும் ஒன்றையே நினைத்தன. எல்லாம் முடிந்த கதை என்றுதான் இருந்தோம்.

சுப்ரீம் கோர்ட் தீர்ப்பில் இருப்பதைப் படித்தால் வயிறு எரிகிறது. குழந்தையைக் கடைசியாக அவரோடு காட்டுவதாகச் சொன்ன சிசிடிவி பதிவு நீதிமன்றத்தில் முறைப்படி வைத்து நிரூபிக்கப்படவே இல்லை. தடயப் பொருட்கள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போயின என்பதில் ஓட்டை. குற்றச்சாட்டு பதிவு செய்தபோது அவருக்கு வக்கீல் இல்லை. பிறகு இலவசச் சட்ட உதவியில் ஒருவரை வைத்துக் கொடுத்துவிட்டு, அந்த வக்கீல் வழக்குக் கட்டுகளைப் புரட்டிப் படிப்பதற்குள் சாட்சி விசாரணையைத் தொடங்கிவிட்டார்கள். தாய் கொலை வழக்கிலும் 2025இல் விடுதலைதான். அதில் தந்தையே போலீசிடம் சொன்னதைக் கோர்ட்டில் சொல்லாமல் பிறழ்சாட்சியாகிவிட்டார்.

இதைச் சொன்னால் உடனே "அப்போ அவன் நல்லவனா?" என்று கேட்பார்கள். அது எனக்குத் தெரியாது. அப்படிக் கேட்கிற உங்களுக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தானே ஒரு போலீஸ் ஸ்டேஷன், ஒரு தடயவியல் லேப், ஒரு அரசு வக்கீல் எல்லாம் சம்பளத்தோடு இருக்கிறார்கள்?

என் வாதம் இதுதான். ஊரே நம்பிவிட்ட வழக்கைத்தான் யாரும் சரியாகத் துலக்குவதில்லை. நம்பிக்கை வந்த பிறகு நிரூபிப்பது என்பது வெறும் பேப்பர் வேலையாகிவிடுகிறது. "இவன்தான்னு ஊருக்கே தெரியுமே, இதுல என்ன சர்டிபிகேட் வேற?" என்கிற மனநிலை ரோட்டோர டீக்கடையில் இருந்தால் நஷ்டமில்லை. அது இன்ஸ்பெக்டர் மேஜைக்கு வந்தால், எட்டு வருஷம் கழித்து டெல்லியில் வழக்கு சரிகிறது.

இதில் நம்மை ஏமாற்றுவது ஒரு தலைப்பு. "பரபரப்பு வாக்குமூலம்." மாலைப் பேப்பர் படித்து வளர்ந்தவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது. "போலீசாரிடம் அவர் அளித்த பரபரப்பு வாக்குமூலத்தில் கூறியிருப்பதாவது" என்று தொடங்கி, பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட மாதிரி முழுக் கதையும் வரும். அதைப் படித்ததும் நமக்கு வழக்கு முடிந்துவிடும். ஆனால் போலீசிடம் கொடுத்த வாக்குமூலத்தைக் குற்றத்துக்கு ஆதாரமாக வைக்கக் கூடாது என்று 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டமே சொல்லிவிட்டது. வெள்ளைக்காரன் தன் போலீசையே நம்பாமல் எழுதி வைத்த பிரிவு அது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்திலும் அந்த விதி இருக்கிறது. அந்த வாக்குமூலத்தால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதற்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் செல்லும். மீதி பரபரப்பு எல்லாம் பேப்பர்காரருக்குத்தான்.

இந்த விதியைத் தளர்த்தினால் என்ன ஆகும் என்பதையும் பூந்தமல்லி தனி நீதிமன்றத்தில் பார்த்துவிட்டோம். தடா என்கிற பழைய பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் எஸ்.பி. அந்தஸ்து அதிகாரி பதிவு செய்த வாக்குமூலம் செல்லும். ராஜீவ் கொலை வழக்கில் 1998 ஜனவரியில் அங்கே 26 பேருக்கும் தூக்கு. அடுத்த ஆண்டே சுப்ரீம் கோர்ட் அதில் 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரி, 2013இல், தான் வாங்கிக் கொடுத்த பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என அவர் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டதாக வெளிப்படையாகச் சொன்னார். இந்த வழக்கில் ஆளாளுக்கு அரசியல் உண்டு, அதற்குள் நான் போகவில்லை. எழுதுகிறவர் முதலிலேயே ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் எந்த வரி விடுபடும் என்பதை மட்டும் கவனியுங்கள்.

இதெல்லாம் இன்றைய டிவி விவாதம் கெடுத்த கேடு என்று நினைக்க வேண்டாம். சென்னையில் இதற்குத் தாத்தா ஒரு வழக்கு இருக்கிறது.

1944 நவம்பர் 8. வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்த லட்சுமிகாந்தனைக் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் ஜெனரல் ஆஸ்பத்திரியில் இறந்தார். இந்த லட்சுமிகாந்தன் முன்பு 'சினிமா தூது', பிறகு 'இந்துநேசன்' நடத்தியவர். சினிமாக்காரர்கள், பெரிய மனிதர்கள் வீட்டு அந்தரங்கம் என்று எதையாவது அச்சடிப்பார். ஊர் காசு கொடுத்து வாங்கி, படித்து, நம்பும். அவரே ஒரு காலத்தில் மோசடி வழக்கில் தண்டனை அனுபவித்தவர். அவர் பத்திரிகையின் லைசென்ஸை ரத்து செய்யச் சொல்லி கவர்னரிடம் மனு கொடுத்தவர்கள் நடிகர்கள் எம்.கே. தியாகராஜ பாகவதர், என்.எஸ். கிருஷ்ணன், கோயம்புத்தூர் பட அதிபர் ஸ்ரீராமுலு நாயுடு. அப்புறம் என்ன வேண்டும்? பகை இருக்கிறது, பணம் இருக்கிறது. கதை தானாகவே எழுதிக்கொண்டது. சதி செய்து ஆள் வைத்துக் கொன்றதாக மூவரும் கைதானார்கள்.

அன்றைக்கு உயர்நீதிமன்றத்தில் ஜூரி முறை. குற்றவாளியா இல்லையா என்று பொதுஜனங்களிலிருந்து பொறுக்கிய சிலர் சொல்வார்கள். ஜூரியில் உட்கார்ந்தவர்கள் வானத்திலிருந்து குதித்தவர்கள் இல்லை. நகரமே இரண்டு பட்டுப் பேசிக்கொண்டிருந்த வழக்கு அவர்கள் காதுக்கு மட்டும் எட்டாமல் இருந்திருக்குமா? 1945இல் நாயுடு விடுதலையானார். பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை. அவர்கள் ஜெயிலில் இருந்தபோது பிராட்வே தியேட்டரில் பாகவதரின் 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளி கண்டு ஓடிக்கொண்டிருந்தது. வழக்கு அன்றைய உச்ச அப்பீல் மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி வந்து, 1947இல் உயர்நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. என்.எஸ்.கே. ஓரளவு மீண்டு வந்தார். பாகவதருக்கு அந்தப் பழைய மவுசு திரும்பவில்லை, 1959இல் போய்விட்டார்.

சரி, லட்சுமிகாந்தனைக் கொன்றது யார்? இத்தனை வருஷத்துக்குப் பிறகும் தெரியாது. விடுதலை தீர்ப்புக்குக் கைதட்டியவர்களுக்கும் அந்தக் கேள்வி பெரிதாகப் படவில்லை. ஒருவரை மட்டுமே குறிவைத்து நம்புவதில் உள்ள கேடு இதுதான். அந்த ஒருவர் கைவிட்டுப் போனால் வேறு யாரையும் தேட ஒரு தடயம்கூட மிச்சம் இருக்காது. முகலிவாக்கம் பெற்றோரின் நிலையை நினைத்தால் எனக்கு இதுதான் முன்னால் வந்து நிற்கிறது. அவர்களுக்கு நீதியும் இல்லை, பதிலும் இல்லை.

இன்னொரு பக்கம் மாவுக்கட்டு. பிடிபட்ட ரவுடி கையில் மாவுக்கட்டோடு போட்டோவில் நிற்பான். "பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்" என்று செய்தி வரும். நாம் வடிவேலு மீம் போட்டுச் சிரிப்போம். தமிழ்நாட்டில் ஸ்டேஷன் பாத்ரூம் மட்டும் அவ்வளவு வழுக்குகிறது! 2012இல் வேளச்சேரியில் வங்கிக் கொள்ளை சந்தேக நபர்கள் ஐந்து பேரை போலீஸ் சுட்டுக் கொன்றபோதும், 'நல்லா வேணும்' என்கிற குரல்தான் ஓங்கிக் கேட்டது. அடிப்பதற்கும் சுடுவதற்கும் கைதட்டல் கிடைக்கிறது. சிசிடிவி பதிவுக்குச் சான்றிதழ் வாங்கி ஒழுங்காகக் கோப்பில் கட்டி வைக்கிற ஏட்டுக்கு யார் கைதட்டுகிறார்கள்?

"கோர்ட், வாய்தா என்று பத்து வருஷம் இழுத்தால் மனுஷன் என்ன செய்வான்?" என்று கேட்பது நியாயமான கேள்விதான். தாமதம் உண்மை, அது கொடுமை. ஆனால் முகலிவாக்கம் வழக்கில் சம்பவம் நடந்து ஒரே வருஷத்தில் தண்டனை வந்தது. நாம் கேட்ட வேகம் கிடைத்தது. அந்த அவசரத்தில் விட்ட ஓட்டைகளால்தான் மேலே போனபோது வழக்கு நிற்கவில்லை.

ஒரு யோசனை சொல்கிறேன், போலீஸ் நண்பர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. கைது செய்த வாரமே தனிப்படைக்குப் பாராட்டு, வெகுமதி, பிரஸ் மீட், பின்னால் முகமூடி போட்ட குற்றவாளிகள் என்று ஒரு குரூப் போட்டோ எடுக்கிறார்களே, அதைத் தள்ளிப் போடட்டும். வெகுமதியில் பாதியைக் கைதுக்குக் கொடுத்துவிட்டு, மீதியை அப்பீல் எல்லாம் முடிந்து வழக்கு நின்ற பிறகு கொடுக்கட்டும். அந்தப் பட்டியலில் தடயத்தை லேப்புக்கு எடுத்துப் போன கான்ஸ்டபிள் பெயரும் இருக்கட்டும்.